ஹைட்ரஜன் வரட்டும்

சிட்டுக்குருவி குறைந்துவிட்டது, தட்டான் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை எங்கள் பக்கத்தில் ஓர் உயிரினம் மட்டும் குறைவில்லாமல் பெருகி வருகிறது. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வரட்டும் மனிதர்'. உங்கள் அடுக்குமாடியிலும் ஒருவராவது இருப்பார். லிஃப்டில் உங்களோடு ஏறி, உங்கள் கையிலிருக்கும் புது சாமானை இரக்கத்தோடு பார்த்து, "அவசரப்பட்டுட்டீங்களே" என்று சொல்கிறவர் அவர்தான்.

அவருடைய மதத்துக்கு ஒரே ஒரு கோட்பாடு. இன்றைக்குக் கடையில் கிடைப்பது எதுவும் வாங்கத் தக்கதல்ல. நாளைக்கு வரப்போவதுதான் சாமான். நாளைக்கு அது வந்துவிட்டால்? வந்த அன்றே அதுவும் பழசு. நீங்கள் ஃப்ரிட்ஜ் வாங்கினால், அடுத்த வருஷம் கம்ப்ரசரே இல்லாமல் வருகிறது என்பார். டிவி வாங்கினால், சுருட்டி வைக்கிற டிவி வருகிறது என்பார். மாடியில் சோலார் போட்டால், ஜன்னல் கண்ணாடியே கரண்ட் எடுக்கப்போகிறது, பொறுத்திருக்கலாமே என்பார். உங்களுக்குக் குழந்தை பிறந்த செய்தியைச் சொன்னால் மட்டும் கொஞ்சம் தயங்கி வாழ்த்துவார்.

இந்த இனத்தின் சிறந்த மாதிரி எங்கள் அயனம்பாக்கம் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் வசிக்கிறார். பெயர் கிருபாகரன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், கோயில் பிரசாதத்தைக்கூட எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் தின்பார். ஆனால் அவரிடம் கார் இல்லை. பணம் இல்லாமல் அல்ல. அறிவு அதிகமாகிப்போனதால். பெட்ரோல் காரை டீசல் வரட்டும் என்று விட்டார், டீசலை கேஸ் வரட்டும் என்று விட்டார், கேஸை பேட்டரி வரட்டும் என்று விட்டார். கடைசியில் பேட்டரி கார் எங்கள் குடியிருப்புக்குள்ளேயே வந்து நின்று சார்ஜ் ஏறத் தொடங்கியபோது, இனி இந்த மனிதருக்கு வேறு வழியில்லை என்று நாங்கள் நினைத்தோம். அன்று சாயங்காலம் அவர் கீழே இறங்கிவந்து, அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "பேட்டரி எல்லாம் இடைக்கால ஏற்பாடு சார், ஹைட்ரஜன் வரட்டும்" என்றார்.

அதிலிருந்து எங்களுக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. குப்பை போட வந்தாலும் பாடம், பால் வாங்க வந்தாலும் பாடம். சூரிய மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன், அதைத் தொட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றினால், வண்டிக்குள் இருக்கும் ஃப்யூயல் செல் என்கிற பெட்டி அதைக் காற்றோடு சேர்த்து மின்சாரமாக்கிவிடும், வண்டி ஓடும், புகைக்குப் பதிலாகப் பின்னால் தண்ணீர் சொட்டும். "சுத்தமான தண்ணி. டம்ளர்ல புடிச்சுக் குடிக்கலாம்" என்று முடிப்பார். எங்கள் குடியிருப்புக்கே லாரியில்தான் தண்ணீர் வருகிறது என்பதால் இந்தக் கடைசி வரிக்கு நல்ல வரவேற்பு இருந்தது.

சங்கச் செயலாளர் எத்திராஜுக்கு மட்டும் சந்தேகம். அவர் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவர், மோட்டார் போடுவது, லாரிக்குப் போன் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. பச்சை ஹைட்ரஜன், நீல ஹைட்ரஜன், சாம்பல் ஹைட்ரஜன் என்று கிருபாகரன் விளக்கிக்கொண்டிருந்தபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கலரே இல்லாத கேஸுக்கு இன்னாத்துக்கு சார் இத்தினி கலரு?" என்றார். எடுத்த விதத்தைப் பொறுத்து வைத்த பெயர் என்று கிருபாகரன் சொன்னார். சொன்னது சரிதான். சரியாகச் சொல்வதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

அரசாங்கத்தின் கொள்கை அறிக்கைகளை அவர் படிக்கிற படிப்பைப் பார்க்க வேண்டும். பசுமை ஹைட்ரஜனுக்கு ஓர் இயக்கம் அறிவித்தார்கள், இலக்கு வைத்தார்கள், பஸ்ஸும் லாரியும் சோதனைக்கு ஓட்டப்போவதாகச் சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் நீங்களும் நானும் படித்தால் 'பரிசீலிக்கப்படும்' என்று தெரிகிற இடம் அவர் கண்ணுக்கு 'வந்தாச்சு' என்று தெரியும். 'முன்னோட்டத் திட்டம்' என்றால் அவருக்கு 'நம்ம தெருவுக்கு' என்று பொருள். ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார்கள் என்று செய்தி வந்த அன்று குடியிருப்பில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தார். நாளடைவில் ஃப்யூயல் செல் என்று முழுதாகச் சொல்லக்கூட அவருக்கு நேரமில்லாமல் போய், பழகின பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி 'எஃப்.சி., எஃப்.சி.' என்று சொல்லத் தொடங்கினார். இந்த இரண்டு எழுத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒதுக்கிய கார் நிறுத்துமிடம் தூணோரம் காலியாகவே இருக்கும். அதில் யாராவது ஸ்கூட்டரை நிறுத்திவிட்டால் அன்பாக எடுக்கச் சொல்வார். "வண்டி வருது சார்" என்பார். ஆயுத பூஜைக்கு நாங்கள் எல்லோரும் அவரவர் வண்டியைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டால், அவர் தூணைக் கழுவிப் பொட்டு வைப்பார். எலுமிச்சம்பழம்கூட வைப்பார். நசுக்கத்தான் சக்கரம் கிடையாது.

இவ்வளவும் வேடிக்கைதான். வேடிக்கை இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

'வரட்டும் மனிதர்' காத்திருப்பார் என்று சொன்னேன் அல்லவா? உண்மையில் அவர் காத்திருப்பதில்லை. கிருபாகரனைக் காலையில் வீட்டு வாசலிலேயே கம்பெனி கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் வாசலிலேயே இறக்கிவிடும். காத்திருந்தது அவர் மனைவி நிவேதிதா. பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டிலிருந்து பெருஞ்சாலை வரைக்கும் ஷேர் ஆட்டோ, அங்கிருந்து பஸ், திரும்பும்போது அதுவே தலைகீழாக. மழைக்காலத்தில் ஏரிப் பக்கத்துத் தெரு முழங்கால் வரைக்கும் நிரம்பி நிற்கும்போது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பெண் நடந்துவருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குக் கிருபாகரன் மேல் கோபம் வரும். எதிர்காலத்தை ஒருவர் நேசிக்கலாம். அதற்காக இன்னொருவர் ஏன் நனைய வேண்டும்?

நிவேதிதா கார் ஓட்டக் கற்று, உரிமமும் வாங்கியிருந்தார்; அது கைப்பையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு முறை ஐயப்பன்தாங்கல் கிளையில் பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளராகக் கூப்பிட்டார்கள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்காக விடியும் முன்பே கூடத்தைத் திறக்க வேண்டும், சொந்த வண்டி இருந்தால்தான் முடியும். கிருபாகரன், "ஆறு மாசம் பொறு, கொள்கை வெளியாகுது" என்றார். அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். இந்தச் சித்திரையில் மறுபடியும் கூப்பிட்டார்கள். குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையத்துக்கு அருகே திறக்கப்போகும் கிளைக்கு அவர்தான் பொறுப்பு. மாசக் கடைசிக்குள் பதில் வேண்டும். மூன்றாவது முறை கேட்க மாட்டோம் என்று மருத்துவமனையை நடத்தும் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாராம்.

நிவேதிதா சண்டை போடவில்லை. பூந்தமல்லியில் பழைய கார்களைப் பழுது பார்த்து விற்கும் ஃபாரூக் என்பவரின் ஷெட்டுக்குப் போய், ஒரு சின்ன வெள்ளைக் காரைப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, பிடித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு கணவரிடம், "டெக்னிக்கலா எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்களே பேசிப் பாருங்க" என்று போனைக் கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கத் தொடங்கினார். அந்தப் பேச்சை நிவேதிதா பிறகு என் மனைவியிடம் சொல்ல, என் மனைவி சிரித்துச் சிரித்து என்னிடம் சொன்னாள்.

இங்கே ஒரு விளக்கம். வண்டி வாங்கி விற்கிற உலகத்தில் எஃப்.சி. என்றால் ஒன்றே ஒன்றுதான். வயதான வண்டி இன்னும் சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறது என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் சோதித்துத் தரும் சான்று, ஃபிட்னெஸ் சர்டிஃபிகேட். அது காலாவதியாகாமல் இருந்தால் 'எஃப்.சி. கரண்ட்' என்பார்கள். வாழ்க்கையில் ஒரு சைக்கிளாவது கைமாற்றி வாங்கியவருக்கு இது தெரியும். வண்டியே வாங்காத கிருபாகரனுக்கு?

"சார், வண்டி சூப்பரா கீது சார்" என்று ஆரம்பித்தாராம் ஃபாரூக். "எஃப்.சி. கரண்ட்டு."

கிருபாகரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எஃப்.சி. கரண்ட்டா? பூந்தமல்லியிலயா?"

ஃபாரூக்குக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. "இன்னா சார் இப்டி கேக்குற? எஃப்.சி. இல்லாத வண்டிய நம்ம ஷெட்டுல சேக்கவே மாட்டேன். நா வித்ததெல்லாம் எஃப்.சி. வண்டிதான்."

"கவர்மெண்ட் ஒத்துக்கிட்டாங்களா?"

"கவர்மெண்ட்டுதான் சார் குடுத்துச்சு. ஆர்.டி.ஓ.வே ஓட்டிப் பாத்துட்டுதான் குடுத்தாரு. அஞ்சு வருசத்துக்கு நீ கவலையே படாதே."

"புகை?"

"டெஸ்ட் பண்ணிட்டோம் சார். சுத்தமா கீது."

ஐந்து வருஷம் என்பது அந்தப் பெட்டியின் ஆயுள் என்று கிருபாகரன் புரிந்துகொண்டார். விலையைக் கேட்டார், மிகவும் குறைவாக இருந்தது, அரசின் மானியம் என்று புரிந்துகொண்டார். வண்டியின் படத்தைப் பார்த்தார்; ரொம்பப் பழைய மாடலாக இருந்தது; பழைய வண்டிக்குள் புது இயந்திரம் பொருத்தும் முன்னோட்டத் திட்டம் என்று அதையும் புரிந்துகொண்டார். புரிந்துகொள்ளும் சக்தி அதிகமாக இருப்பவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. எரிபொருள் எங்கே போடுவது? அதை ஃபாரூக்கிடம் கேட்க அவர் வாயைத் திறந்தபோது நிவேதிதா அவரைக்காயிலிருந்து தலை நிமிராமல், "எங்க போடறதுன்னுதானே? அத நான் விசாரிச்சுட்டேங்க. பூந்தமல்லியிலயே போட்டுக்கலாம்" என்றார்.

கவனியுங்கள், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தகுதிச் சான்று அரசு கொடுத்ததுதான். பூந்தமல்லியில் எத்தனையோ பெட்ரோல் பங்க் இருக்கிறது. கணவர் எதை எஃப்.சி. என்று நினைக்கிறார் என்பது நிவேதிதாவுக்குத் தெரியாதா? ஆறு வருஷமாக அவரோடு ஒரே வீட்டில் அந்த இரண்டு எழுத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தவர். தெரிந்தேதான் காய் நறுக்கினார். அன்று ராத்திரியே கிருபாகரன் சம்மதித்துவிட்டார்.

அடுத்த நாள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தப் பகுதியின் முதல் எஃப்.சி. கார் நமது வளாகத்துக்குள் நுழைகிறது, அனைவரும் வருக. தூண் மறுபடியும் கழுவப்பட்டது. எத்திராஜ் தனியாக என்னிடம் வந்து, அது சிலிண்டர் மாதிரி வெடிக்குமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் போய் மூன்று வாளி மணல் கொண்டுவந்து தூணுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. குழந்தை குட்டிகளோடு எல்லோரும் கீழே வந்துவிட்டோம். வெள்ளைக் கார் வாசலில் திரும்பியது. ஓட்டிவந்த ஃபாரூக், கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், யாராவது தவறிப்போய்விட்டார்களோ என்று நினைத்து மெதுவாக வந்தாராம். வண்டி சத்தமில்லாமல் தூணோரம் வந்து நின்றது. ஃபாரூக் நல்ல தொழில்காரர், வண்டியைப் பளபளவென்று வைத்திருந்தார், எஞ்சின் சத்தம் பூனை உறுமுகிற அளவுக்குக்கூட இல்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியை முழுசாகப் போட்டு வந்திருந்தார். வாங்குகிறவர் உட்கார்ந்ததும் உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம்.

வண்டி நின்ற அடுத்த கணம், அதன் அடிவயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்டு, சொட்டாக, தெளிந்த தண்ணீர். கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. ஆறு வருஷமாக நாங்கள் கிண்டல் செய்த அந்தத் தண்ணீர் எங்கள் கண் முன்னாலேயே சிமெண்ட் தரையில் விழுந்துகொண்டிருந்தது. கிருபாகரன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் துளி கர்வமும் இல்லை, கண் கலங்கியிருந்தது. அவரைப் பார்த்து நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன், உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன? அவர் மாடிக்கு ஓடிப்போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் எடுத்துவந்தார். குனிந்து, ஏறக்குறையத் தரையில் படுத்து, சொட்டுகளைப் பிடித்தார். கால் டம்ளர் சேர்ந்ததும் எழுந்து, எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, ஒரே மூச்சில் குடித்தார்.

எத்திராஜ் பக்கத்தில் போய், கோயிலில் தீர்த்தத்துக்கு நீட்டுகிற மாதிரி வலது கையைக் குழித்து நீட்டினார்.

குளிர் கலையக் கூடாதென்று இதுவரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, இப்போது ஏசியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கிய ஃபாரூக் இந்தக் காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "சார், இன்னா சார் பண்றீங்க? அது ஏசி தண்ணி சார். பாசி எல்லாம் இருக்கும், வயித்தால போவும்."

எத்திராஜ் கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். கிருபாகரன் டம்ளரைக் கீழே இறக்கவில்லை. "எஃப்.சி. தண்ணி இல்லையா?" என்றார்.

"எஃப்.சி.ல எங்க சார் தண்ணி வரும்? அது ஆர்.டி.ஓ. குடுக்குற ஃபிட்னெஸ்ஸு."

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. முதலில் குழந்தைகள், பிறகு பெண்கள், பிறகு எத்திராஜ் மணல் வாளிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நானும் சிரித்தேன். சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கையில் டம்ளர். இன்னொருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஃபாரூக்கிடமிருந்து சாவியை வாங்கி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கிருபாகரன் ஜன்னல் பக்கம் குனிந்தார். "நிவி, இது பெட்ரோல் வண்டி."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சுமா?"

நிவேதிதா அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். குரலில் கோபமே இல்லை. "ஹைட்ரஜன் வரட்டும்ங்க. அதுக்குள்ள நான் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

வண்டி பின்னால் போய், திரும்பி, வாசலைத் தாண்டி, ஏரிக்கரைத் தெருவில் ஏறியது. ஆயுத பூஜைக்கு வைத்து உலர்ந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று தூணடியில் எப்படியோ கிடந்திருக்கிறது. சக்கரம் அதன்மேல் ஏறியதை எத்திராஜ்தான் பார்த்துச் சொன்னார். அப்போது சிரிப்பு அடங்கிவிட்டிருந்தது. காலியான இடத்தில் கிருபாகரன் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரை நனைக்கத்தான் அன்று மழை இல்லை.

குத்தம்பாக்கம் கிளையில் இப்போது விடியும் முன்பே விளக்கு எரிகிறது. நிவேதிதா தினமும் வண்டியை எடுக்க வாசல் கேட்டைத் திறக்கும் சத்தம் எங்கள் வீட்டுக்கே கேட்கும்; அதைக் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன். கிருபாகரன் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். வயிறு சரியாக நாலு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு, கம்பெனி காரை நிறுத்திவிட்டார்கள் என்பதால், மனைவியின் வண்டியில் அம்பத்தூர் திருப்பம் வரைக்கும் போய் இறங்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அது எதிர்த் திசை என்று நிவேதிதா சொல்லிவிட்டார். ஆகையால் காலையில் அவர் ஷேர் ஆட்டோ நிறுத்தத்தில் நிற்கிறார். பக்கத்தில் நிற்பவரிடம், "இதெல்லாம் ஹைட்ரஜன்ல ஓடப்போவுது, பாருங்க" என்று சொல்வது என் காதில் விழுந்தது. அவர் சொல்வது நடக்கவும் கூடும். நடக்கட்டும், எல்லோருக்கும் நல்லது. ஆனால் இப்போது அவர் உண்மையாகவே காத்திருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்தீர்கள். இதை யாருக்கு அனுப்பலாம் என்று மனசுக்குள் ஒரு முகமும் வந்திருக்கும். அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் எந்த இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே எது வரட்டும் என்று நீங்கள் சொல்லிவைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் வீட்டம்மாவிடம் கேளுங்கள். அவர் கோபமாகப் பட்டியல் போட்டால் பயப்பட வேண்டாம், இன்னும் அவகாசம் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல், தலை நிமிராமல், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தால்தான் ஜாக்கிரதை. பூந்தமல்லியில் பேசி முடித்துவிட்டார் என்று அர்த்தம்.